முதல் ஒரு மணி நேரம்

ஏப்ரல் 3, வியாழன்

உருளைக்கிழங்கை இப்படிச் சமைக்கச் சொன்னவன் என் பஸ்ஸில் ஏறியிருந்தால் நடுக்காட்டில் விசில் அடித்து இறக்கிவிட்டிருப்பேன். தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அதையும் கொட்டவேண்டுமாம். கடைசியில் மிஞ்சுவது கிழங்கா, வெள்ளைக் களிமண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. பூவாத்தாளுக்கும் தெரியவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

காய்கறியில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதாம். நமக்கு அது சத்து. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனவளுக்கு அது விஷம். ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுபோகும் என்று ஈரோட்டு ஆஸ்பத்திரியில் டயட்டீசன் பெண் சொல்லியிருக்கிறாள். தை மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அங்கே போய் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறோம். பூவாத்தாளால் அடுப்படியில் நிற்க முடிவதில்லை, கால் வீங்கிக்கொள்கிறது. அதனால் சமையல் என் தலையில் வந்து விழுந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்குக் கீரை ஆயத் தெரியுமா? கீரையே கூடாது என்பதால் அந்த ஒரு தொல்லை மட்டும் இல்லை.

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பழைய கண்டக்டர் பையில் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு இதையும் போட்டுக்கொண்டேன். பூவாத்தாளிடம் கத்தினால் பாவம். ஓசூரில் இருக்கும் மகள் சுகந்தியிடம் கத்தினால் அவள் போனிலேயே திருப்பிக் கத்துவாள். இனி இதில் கத்திக்கொள்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆஸ்பத்திரி போய் வந்தோம். எடை இன்னும் குறைந்திருக்கிறது. டயட்டீசன் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா சாப்புடறாங்களாங்க?"

"ஆக்கி வெக்கறனுங்க. திங்க மாட்டீங்கறா."

"இப்புடியே போனா மெஷினு ஓட்டியும் பிரயோசனமில்லீங்கய்யா. ஒடம்புல தெம்பு வேணுமில்லைங்க. எப்படியாச்சும் சாப்புட வைங்க."

எப்படியாவது என்றால் எப்படி? உப்புப் போடாதே, தேங்காய் போடாதே, தக்காளி போடாதே, பருப்பைக் குறை, தண்ணீர் ஒரு சொம்புக்கு மேல் கொடுக்காதே. ஆனால் ருசியாகச் சாப்பிட வை. கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கைதட்டு என்கிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று சண்டை. சுரைக்காயைத் தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துச் சீரகம் தாளித்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நீங்க குப்பையிலிருந்து எடுத்தே ஆக்கீருக்கறீங்க" என்றாள்.

"நானும் அதேதான்டி திங்கறேன்!"

"திங்கறீங்க, திங்கறீங்க. பொடக்காளிப் பக்கம் போயிட்டு வந்தா மட்டும் உங்க மேல மாங்காய் ஊறுகா வாசம் அடிக்குது."

மாட்டிக்கொண்டேன். கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்திருக்கிறேன். அவளுக்குச் சோற்றில் ருசி தெரிவதில்லை, வாயெல்லாம் தகரத்தை நக்கின மாதிரி இருக்கிறது என்கிறாள். ஆனால் என் வாயிலிருக்கும் ஊறுகாய் மட்டும் மூக்குக்குத் தெரிகிறது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

காலை இட்லி, ஒன்று. மத்தியானம் ஒன்றுமில்லை. ராத்திரி இட்லி, பாதி.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

பூவாத்தாளுக்கு அடுத்த கட்டிலில் ஹனீபா பாய் படுப்பார். கருங்கல்பாளையத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருந்தவர். அவர் மனைவி ஜமீலாம்மா எப்போதும் ஒரு தூக்குப்போசியோடு வருவார். இன்று பாயின் கையில் ஊசி குத்தி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் அதைத் திறந்தார். தேங்காய்ப்பால் சோறும் உருளைக்கிழங்குக் குருமாவும். வார்டு முழுக்க வாசம். எனக்கே எச்சில் ஊறியது.

"என்னம்மா இது, சீக்காளிக்கு இதையெல்லாம் குடுக்கறீங்க?" என்றேன்.

"மெஷினு ஓட ஆரமிச்ச மொத ஒரு மணி நேரம் தின்னா மெஷினே கழுவி வெளிய தாட்டிரும்ணா. ஊட்டுல வாயைக் கட்டு, இங்க வந்து அவுத்து விடு. இங்க எல்லாரும் இப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டிலில் வடை, இன்னொன்றில் பேரன் தாத்தாவுக்குப் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தான். மெஷின் பார்க்கும் லோகநாதனிடம் கேட்டேன். அவர் மீட்டரைப் பார்த்தபடியே, "நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றார். டயட்டீசன் பெண் மட்டும், "கொஞ்சமா, ஆசைக்கு, மெஷினு ஓடும்போது மட்டுந்தானுங்க. வெளிய வேண்டவே வேண்டாம்" என்று விரலை ஆட்டிச் சொன்னாள்.

பூவாத்தாள் பாயின் போசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கோபி சந்தையில் வளையல் கடையைப் பார்த்த பார்வை அது.

ஏப்ரல் 11, வெள்ளி

தோசையும் தக்காளிச் சட்னியும் கொண்டுபோனேன். உப்புப் போட்ட சட்னி! மெஷின் ஓட ஆரம்பித்ததும் பிய்த்து ஊட்டினேன். வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துபோனேன்.

"தோசை கருகிப் போச்சுங்க" என்றாள். தின்றுகொண்டேதான் சொன்னாள். ஒன்றரைத் தோசை உள்ளே போனது. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஊரெல்லாம் வடை பாயசம். பக்கத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு, "எங்களுக்கு வருசப் பொறப்பு நாளைக்குத்தானுங்க" என்று பூவாத்தாளே சொன்னாள். அந்தம்மா முழித்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

எங்கள் வருடப் பிறப்பு. வார்டில் பாதிப் பேருக்கு இன்றுதான். ஜமீலாம்மா வீட்டில் ரம்ஜானைக்கூட ஒரு நாள் தள்ளி இங்கேதான் கொண்டாடினார்களாம். ஆளுக்கு ஒரு கரண்டி பாயசம். பூவாத்தாள் மாங்காய்ப் பச்சடியை நக்கி நக்கித் தின்றாள். எடை பார்க்கும்போது லோகநாதன், "அம்மா, மொகம் தெளிஞ்சிருக்குதுங்களே" என்றார்.

சும்மா சொல்லவில்லை. தெளிந்துதான் இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

வாழைக்காய் வறுவல் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவளாகவே கேட்டாள். இந்த நாலு மாதத்தில் அவளாக வாயைத் திறந்து ஒன்று கேட்டது இதுதான் முதல்.

"ஏனுங்க, செவ்வாக்கெழமைக்கு அரிசிம்பருப்புஞ்சோறு ஆக்குங்க. உருளைக்கெழங்கு வறுவல், தண்ணி கொட்டாம, நல்லா மொறுமொறுன்னு. ஒரு மாம்பழம்."

"எனக்கு எங்கடி அரிசிம்பருப்பு வரும்?"

"நான் உக்காந்து சொல்றனுங்க. நீங்க கைய மட்டும் ஆட்டுங்க."

கோபி போய்ச் சேரும்வரை அரிசிம்பருப்பைப் பற்றியே பேசினாள். சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகப் போடவேண்டும், பூண்டைத் தட்டிப் போடவேண்டும், கடைசியில் நெய். எனக்குக் கண்டக்டர் வேலையில் முதல் நாள் மேலதிகாரி பாடம் எடுத்தது ஞாபகம் வந்தது. அவனாவது கொட்டாவி விடவிட்டான்.

ஏப்ரல் 21, திங்கள்

ஒத்திகை பார்த்தோம். முதல் தரம் அடி பிடித்துக் கருகி, மாட்டுக்குப் போனது. மாடும் யோசித்துத்தான் தின்றது. இரண்டாம் தரம் குக்கரைத் திறக்கும்போது ஆவி அடித்துக் கை சுட்டுவிட்டது; கீழே கொட்டிய அதுவும் மாட்டுக்கே போனது. பூவாத்தாள் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு, "தண்ணி கம்மிங்க... கெழங்கைக் கிளறாதீங்க, ஒடைஞ்சு போயிரும்... அய்யோ, மஞ்சத்தூளு, மஞ்சத்தூளு!" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். இத்தனை சத்தமாக அவள் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தையில் தேடிப் பார்த்து மாம்பழம் வாங்கி அரிசிக்குள் வைத்திருக்கிறேன்.

நாளைக்குச் சீக்கிரம் எழுந்து மறுபடி முதலிலிருந்து ஆக்கவேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று மெஷின் ஓடவில்லை. பூவாத்தாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள்.

நான்தான் கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பிழைத்துக்கொண்டாள். சுகந்தி நேற்றே வந்துவிட்டாள். என்னைக் குளித்துவிட்டு வரச்சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். குளித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை போனபோது வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஏதோ தாமதம். நான் சீட்டுப் பதிய வரிசையில் நின்றேன். பூவாத்தாள் எடை பார்க்க உள்ளே போனாள். வரிசையில் நின்றபடியே பார்த்தேன். வெளியே வந்தவள் ஜமீலாம்மா பக்கம் குனிந்து ஏதோ பேசினாள். பொம்பளைகள் பழமை பேசிக்கொள்வார்கள், என்னவோ இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, போசியத் தொறங்க. பசிக்குது" என்றாள்.

பசிக்குது! இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று. ஆனாலும் நான் யோசித்தேன்.

"மெஷினு போட்டப்பறம் தாறேன். இங்க வேண்டாம்."

"பத்து நிமிசத்துல கூப்புட்டுருவாங்களாமுங்க. உள்ள படுத்துக்கிட்டு நீங்க ஊட்டிவிட்டா ருசியே தெரியமாட்டீங்குது. இங்கயே உக்காந்து, என்ற கையால பெசஞ்சு தின்னுட்டுப் போயிடறனுங்க."

திறந்தேன். நெய் வாசம் வந்தது. அவளே பிசைந்தாள். உருளைக்கிழங்கை ஓரமாக வைத்துத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். இன்னும் கொஞ்சம் போடுங்க என்றாள். அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டேன். எனக்கு ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. மாம்பழத்தைக் கடித்துச் சாறு முழங்கைக்கு வழிய, கொட்டையைச் சப்பி எடுத்தாள். நான் பேரப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவுகெட்டவன்.

அவள் கை கழுவி வந்து கொஞ்ச நேரம் கழித்து லோகநாதன் வெளியே வந்தார். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற பிளான்ட் பழுதாகிவிட்டது, அந்தத் தண்ணீர் இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது, நாளைக்குத்தான் என்று சொன்னார். சிலர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார்கள்.  வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ரத்தம் கழுவவில்லை. அதன்மேல் ஒரு போசி உருளைக்கிழங்கு, பருப்பு, மாம்பழம்.

அங்கிருந்து இரண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அலைந்தோம். ஒன்றில் மெஷின் எல்லாவற்றிலும் ஆள். இன்னொன்றில் புது ஆளை எடுப்பதில்லை என்றார்கள். ஒருத்தர் எழுந்தால்தானே இன்னொருத்தர் படுக்கலாம்? அது அவர்கள் குற்றமுமில்லை. எத்தனை வருடம் எத்தனை பேரை, உள்ள போங்க, எடமிருக்குது, உள்ள போங்க என்று நெருக்கி ஏற்றியிருப்பேன். என் வீட்டுக்காரிக்கு ஓர் இடம் பிடிக்க என்னால் முடியவில்லை.

சாயந்திரம் மூன்றாவதாக ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "காலு எந்திரிக்க மாட்டீங்குதுங்க" என்றாள். உதடு மரத்துப்போச்சு என்றாள். அவசரப் பிரிவில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் மாறியது. வரிசையாக ஊசி போட்டார்கள். என்ன சாப்பிட்டாங்க என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அங்கேயே மறுநாள் காலையில் ஒரு மெஷின் காலியாகி அவளுக்குப் போட்டார்கள்.

சுகந்தி வந்ததும் எல்லோர் முன்னாலும், "யாருப்பா உங்களைக் குடுக்கச் சொன்னது? அம்மாவைக் கொல்லப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். 

ஏப்ரல் 26, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பூவாத்தாள் தூங்குகிறாள். சுகந்தி அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். காய் எல்லாவற்றையும் மூன்று தண்ணீரில் கொட்டி எடுக்கிறாள். என்னை அடுப்பைத் தொடவிடுவதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை ரிசல்ட்டாம். சுகந்தி கிளம்பிவிட்டாள். போகும்போது, "அப்பா, உப்பில்லாம, புளிப்பில்லாம, நான் எழுதி வெச்ச மாதிரி மட்டும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பிளான்ட் சரியாகி எங்கள் வார்டில் மறுபடி மெஷின். போசியில் வெறும் உப்பில்லாச் சோறு. அவள் தொடவில்லை. மனதில் இருந்த கோபத்தையெல்லாம் லோகநாதன் மேல் கொட்டினேன்.

"ஏனுங்க, பிளான்ட்டு கெட்டுப்போச்சுன்னு வந்தவுடனேயே சொல்றதுக்கென்ன? திங்கறவரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துட்டு அப்பறம் வந்து சொல்றீங்களே?"

அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு, "எடை பாக்கும்போதே அம்மாகிட்டச் சொல்லிட்டனுங்களே. இன்னைக்கு ஓடாதுங்கம்மா, ஊட்டுக்குப் போயி வாயக் கட்டிக்கிட்டு இருங்கன்னு சொன்னனுங்க" என்றார்.

பொய். வேலைக்குப் பயந்து சொல்கிற பொய். இவரை நல்ல மனிதர் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்லவேண்டும். பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். களைப்பு.

ஏப்ரல் 30, புதன்

லோகநாதனைப் பற்றி மேலே எழுதிக்கொடுக்கலாமா என்று பூவாத்தாளிடம் கேட்டேன். "விடுங்க, பாவம்" என்றாள். அவளுக்கு எல்லோரும் பாவம்தான்.

மே 2, வெள்ளி

ஜமீலாம்மா வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் போசியை மடியில் வைத்திருந்தார்.

"அம்மா நல்லா இருக்காங்களா அண்ணா? அன்னைக்கு அல்லாதான் காப்பாத்துனான்."

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்குத் திங்கலீங்களா?" என்று கேட்டேன். இத்தனை நாள் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"நான் எங்க தொறந்தேன்? உங்க ஊட்டம்மாதான உள்ளேருந்து வந்ததும் எங்கிட்டக் குனிஞ்சு சொன்னாங்க. 'இன்னைக்கு மெஷினு ஓடாதாம், பாய்க்கு ஒண்ணும் குடுத்துராதீங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க'ன்னு. நான் அவரைக் கூப்புட்டுக்கிட்டு எந்திரிச்சுட்டேன். அதுக்கப்பறம் நீங்க எதுக்கு அண்ணா குடுத்தீங்க?"

 ஜமீலாம்மாவுக்கு வயதாகிவிட்டது, நாள் குழம்பியிருக்கும்.

குழம்பவில்லை. எனக்குத் தெரியும். குனிந்து பேசியதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

மே 4, ஞாயிறு

இரண்டு நாள் கேட்காமல் இருந்தேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். இன்று மத்தியானம் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். முகத்தைப் பார்க்காமலே கேட்டேன்.

"மெஷினு ஓடாதுன்னு தெரிஞ்சுதான் தின்னியா பூவா?"



"கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

கையிலிருந்த கத்தியைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. "கோவிச்சுக்காதீங்களா? சாவறதுக்கு என் கையிலயே சோறு வாங்கித் தின்னியா? ஜமீலாம்மாவுக்குச் சொல்லத் தெரியுது, பாயைக் காப்பாத்தத் தெரியுது! கட்டுன புருசங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்!"

"அதாங்க சொல்லல."

எழுந்து உட்கார முயன்றாள். முடியவில்லை. நான் தூக்கி உட்காரவைத்தேன்.  அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவறதுக்குத் திங்கலீங்க. சத்தியமா. நாலு மாசமா எனக்குப் பசின்னா என்னன்னே தெரியலைங்க. வாயில எது போட்டாலும் தகரமாட்ட இருந்துது. அன்னைக்குப் பஸ்ஸுல வரும்போதே போசியிலிருந்து வாசம் வந்துச்சு பாருங்க, வயித்துக்குள்ள ஒண்ணு கெளம்புச்சு. பசிங்க அது. ஒண்ணுமில்ல, பசி. லோகநாதன் இன்னைக்கு ஓடாதுன்னு சொன்னாரு. சரி, ஊட்டுக்குப் போயி மாட்டுக்குக் கொட்டிருவீங்க. நாளைக்கு மறுபடி ஆக்கித் தருவீங்க. ஆனா அந்தப் பசி நாளைக்கு வருமான்னு ஆரு கண்டா?"

"அதுக்காக..."

"ஒரு தடவை வயிறு நெறையத் தின்னுட்டா என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சுட்டனுங்க. இப்படி ஆவும்னு எனக்குத் தெரியுமுங்களா?"

தெரியும். டயட்டீசன் பெண் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னாள். நெஞ்சு நின்றுபோகும் என்று அவளும் கேட்டாள். அதை நான் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அவரைக்காய் அப்படியே கிடந்தது.

மே 5, திங்கள்

சுகந்தி போனில் மறுபடி ஆரம்பித்தாள். இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு வந்து பார்ப்பாளாம், என்னை நம்பி அம்மாவை விட முடியாதாம். எதிரில் பூவாத்தாள் தலையை ஆட்டினாள், உண்மையைச் சொல்லிவிடுங்க என்று. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

"ஆமா சாமி. என்ற தப்புத்தான். ஆசப்பட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவள் ஓசூரில் அழுதாள். நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 6, செவ்வாய்

சத்தியத்தை உடைத்தேன். இருட்டோடு எழுந்து அரிசிம்பருப்பு ஆக்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே. வெங்காயம் முழுசாக, பூண்டு தட்டி. உருளைக்கிழங்கு ஒன்றுகூட உடையவில்லை. நேற்றே சந்தைக்குப் போய் மாம்பழம் முகர்ந்து பார்த்து எடுத்து வைத்திருந்தேன். நெய் உருக்கிக் கடைசியில் ஊற்றினேன்.

இன்றைக்கு ஒன்றும் தப்பக்கூடாது. வார்டுக்குப் போனதும் முதலில் லோகநாதனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க" என்றார். பிளான்ட் ஓடுதா என்று கேட்டேன். ஓடுதுங்க என்றார். நிச்சயமா என்றேன். வாங்க என்று கூட்டிக்கொண்டுபோய் அந்த அறையைத் திறந்து காட்டினார். தண்ணீர் ஓடியது. ஊசி குத்தினார்கள். குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறி மெஷினுக்குள் போய்த் திரும்பி வந்தது. அதற்கப்புறம்தான் போசியைத் திறந்தேன். உள்ளே படுத்தால் ருசி தெரியவில்லை என்றாளே, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, உட்கார்ந்த மாதிரி வைத்து, தட்டில் போட்டு அவள் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன்.

"பெசஞ்சு தின்னு. இன்னைக்கு மெஷினு ஓடுது. ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வேணுங்கறதத் தின்னு."

தட்டைப் பார்த்தாள். குனிந்து வாசம் பிடித்தாள். விரலால் சோற்றைத் தொட்டுப் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. கன்னத்தில் அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய மருந்து மாத்திரை மாதிரி விழுங்கினாள்.

"நல்லாத்தாங்க ஆக்கீருக்கறீங்க" என்றாள். "என்னைய விட நல்லா."

"அப்பத் தின்னுடி."

"பசிக்க மாட்டீங்குதுங்க."

"ஒரே ஒரு வாய். மாம்பழமாச்சும்..."

"வேண்டாமுங்க. கோவிச்சுக்காதீங்க."

ஜமீலாம்மா வந்து சொல்லிப் பார்த்தார். பாய்கூடப் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "சாப்புடுங்கம்மா, அண்ணன் பாவம்" என்றார். பூவாத்தாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். சோற்றைத் தொடவில்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எந்த நேரமும் வந்துவிடும், வந்ததும் கொடுத்துவிடலாம் என்று. நர்ஸ் வந்து, "அய்யா, நேரமாச்சுங்க, இனிமே ஒண்ணும் குடுக்காதீங்க" என்றாள்.

போசியை எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்ட மனது வரவில்லை. கையை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். நான் ஆக்கின அரிசிம்பருப்பை நான் இன்றுவரை வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் ஒரு பருக்கை விடாமல் அவள் தின்றுவிட்டாளே.

ருசியாக இருந்தது. அப்படி ஒரு ருசி. ஒரு வாய் தின்றேன், இன்னொரு வாய் தின்றேன், கிழங்கை எடுத்துக் கடித்தேன். பசி பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தின்றேன், நிறுத்த முடியவில்லை. கீழே இறங்கிப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். போசியை வழித்து நக்கினேன்.

நானாக இருந்தாலும் தின்றிருப்பேன்.